ஹொண்டாவை விட்டு ஹிமாலயனா, டொமினாரா? யாழிலிருந்து இருவராக நீண்ட பயணம் போக எது சரி

கோண்டாவில்_ஹோர்னெற்

வணக்கம் உறவுகளே. நான் ஓடியதெல்லாம் ஹொண்டாதான். வீட்டில் முதலில் நின்றது அப்பாவின் எம்டி 90. பிறகு அண்ணையின் சீடி 125. இப்போது என்னிடம் சீபி ஹோர்னெற் 160. வேறு கம்பனி வண்டி வாங்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை. வேலைக்குப் போக, ரவுணுக்குள் திரிய, ஊர்காவற்துறைக்குப் போய்வர ஹோர்னெற்றில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இப்போது நானும் மனைவியும் ஒரு பெரிய சுற்றுக்கு ஆயத்தம் செய்கிறோம். ஏ9 வீதி வழியாகக் கண்டி, றம்பொடை ஏறி நுவரெலியா, எல்ல, பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை, பிறகு ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, அங்கிருந்து வீடு. இரண்டு பேர், இரண்டு பேரின் உடுப்பு, மழைக்கோட்டு, சாமான். ஹோர்னெற் 162 சீசீ. தனியே ஓடும்போது தாராளம். இருவரும் பையோடு ஏறினால் மாங்குளத்துக்கு அங்கால் ஒரு பஸ்ஸை முந்துவதற்கே கியர் குறைத்துக் காத்திருக்க வேண்டும். றம்பொடை ஏற்றத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மனம் கேட்பது ஹொண்டா சீபி500எக்ஸ். விலை கைக்கு எட்டாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பெரிய வண்டி எல்லாமே விலை ஏறிவிட்டன. பார்த்த அளவில் எனக்கு எட்டுகிறவை இரண்டு: வவுனியாவில் ஒருவரிடம் பஜாஜ் டொமினார் 400, கண்டியில் ஒருவரிடம் றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411. இரண்டும் பாவித்தவை, இரண்டும் ஹொண்டா இல்லை. கையில் காசு இருந்தும் மனம் ஒப்பவில்லை. ஓடியவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம்_400

டொமினாரை எடுங்கள் தம்பி, யோசிக்கத் தேவையில்லை. 373 சீசீ, தண்ணீர்க் குளிரூட்டி, ஆறு கியர். 2019க்குப் பிறகு வந்தது என்றால் 40 குதிரைவலு. ஹிமாலயன் 411இல் 24 சொச்சம்தான். ஏ9இல் பஸ்ஸை முந்துவதற்கு நீங்கள் கியர் குறைக்கவே தேவையில்லை. பிறேக்கும் நல்ல பிறேக். பஜாஜ் என்றபடியால் வடக்கில் எந்தச் சந்தியிலும் பாட்ஸ் கிடைக்கும், பல்சர் திருத்தத் தெரியாத ஆள் இங்கே யார்?

எஞ்சின் வந்த வழியையும் பாருங்கள். ஒஸ்ரியக் கம்பனி கேடிஎம்மின் 390 எஞ்சினின் வழிவந்தது அது. பெயரில் மட்டும்தான் பஜாஜ்.

கொடிகாமம்_கராஜ்

சுன்னாகம் தம்பி சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். பல்சரின் பாட்ஸ் வேறு, டொமினாரின் பாட்ஸ் வேறு. பிறேக் பட்டை, பல்ப், கேபிள் மாதிரிச் சின்னச் சாமான் சமாளிக்கலாம். எஞ்சின் பக்கம் போனால் பல்சர் கடையில் தேடி வேலை இல்லை, கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். பல்சர் திருத்துகிற எல்லாருக்கும் டொமினார் திருத்தத் தெரியும் என்றும் இல்லை. இரண்டு வண்டியும் என்னிடம் வருகிறபடியால் சொல்கிறேன்.

பழைய_எம்டி

தம்பி, உங்கள் அப்பாவின் எம்டி 90ஐப் பற்றி எழுதியதைப் பார்த்ததும் எழுதவேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊரில் ஹொண்டா மேல் ஏன் இவ்வளவு பற்று என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விளம்பரம் பார்த்து வந்த பற்று இல்லை. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் என்பது சின்னப் போத்திலில் வைத்துப் பூட்டிக் காக்கிற சாமான். காலையில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைப்போம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதற்காகத்தான் அந்தச் சில துளி. ஓடத் தொடங்கினால் வீதி முழுக்கப் புகை, கண் எரியும். பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றி, மண்தாளால் உரஞ்சி, திரும்பப் பூட்டி ஓடுவோம். அந்தக் காலத்துச் சின்ன எஞ்சின்களில் அழுத்தம் குறைவு, அதனால் தாங்கியது. இன்றைய எஞ்சினில் அப்படிச் செய்தால் தட்டத் தொடங்கிவிடும்.

பாட்ஸும் வராது. மூன்று எம்டியைக் கழற்றி ஒன்றை ஓடவைத்தார்கள். கடைசல் பட்டறையில் புஷ் கடைந்து போட்டார்கள். எங்கள் கைகளுக்கு அந்த எஞ்சின் அத்துப்படியாக இருந்தது, அந்த எஞ்சினும் எங்கள் கைகளைத் தாங்கியது. ஹொண்டா என்றால் எனக்கு அதுதான்.

ஆகவே நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வாங்கப்போகிற வண்டி ஹொண்டாவா இல்லையா என்பதை விடுங்கள். அது முறிந்து நின்றால் யாழ்ப்பாணத்தில் யாருடைய கை அதைத் தொடும்? சாமான் எத்தனை நாளில் வரும்? நாங்கள் எம்டியைத் தெரிந்தெடுத்தது அந்த அளவுகோலால்தான். அதே அளவுகோலைப் புது வண்டிக்கும் வையுங்கள். அதில் தேறுகிற வண்டியை வாங்கினால் உங்கள் அப்பா குறை நினைக்க மாட்டார்.

தீவகம்_உப்புக்காற்று

ஹொண்டாவை விடத் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஜப்பானில் இருந்து வந்த எக்ஸ்ஆர் 250 இன்னும் நல்ல நிலையில் கிடைக்கிறது. உயரமான வண்டி, மலைக்கும் ஏறும், மண் பாதைக்கும் போகும். ஹொண்டா ஹொண்டாதான்.

மானிப்பாய்_ரைடர்

தீவகம், எக்ஸ்ஆரின் பின்சீற்றில் நீங்கள் எப்போதாவது கண்டிவரை இருந்திருக்கிறீர்களா? அது ஒடுங்கிய பலகை மாதிரிச் சீற். ஒருவர் ஓடுவதற்குச் செய்த வண்டி. அதில் மனைவியை எல்லவரை கூட்டிப் போவது அநியாயம்.

இவ்வளவு பேர் எழுதியும் பின்னுக்கு இருக்கப் போகிறவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் சொந்தமாகவும் ஓடுகிறேன், கணவரின் பின்னால் இருந்தும் நெடுந்தூரம் போயிருக்கிறேன். ஓடுகிறவருக்குப் பிடிக்கக் கைபிடி இருக்கிறது, முன்னால் வருகிற குழி தெரிகிறது, பிறேக் பிடிக்கப் போவது தெரிகிறது. பின்னால் இருப்பவருக்கு இது ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது மூன்று நான்கு விஷயம். சீற்றின் அகலம். முழங்கால் அதிகம் மடங்காத உயரத்தில் கால்மிதி. உறுதியான பிடி. முதுகுக்குச் சாயப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

குதிரைவலுவை விட இதைப் பாருங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வண்டியிலும் அவரை இருத்திப் பாருங்கள். சும்மா ஏறி இறங்குவது போதாது. பையை மாட்டி, ஹெல்மெற் போட்டு, குறைந்தது அரை மணித்தியாலம் ஓட வேண்டும். இடுப்பு எங்கே நோகிறது என்று அவர் சொல்லட்டும்.

இன்னொன்று. இரண்டு வண்டிக்கும் சீற் உயரம் 800 மில்லிமீற்றர், அந்த வகையில் வித்தியாசம் இல்லை. ஆனால் எடை இரண்டுமே இருநூறு கிலோவை ஒட்டி நிற்கிறது. ஹோர்னெற்றில் இருந்து போகிறவருக்கு அந்த எடை ஓடும்போது தெரியாது, சரிவான இடத்தில் நிறுத்தித் திருப்பும்போதுதான் தெரியும். நுவரெலியாவில் தரிப்பிடம் எல்லாமே சரிவு.

கோண்டாவில்_ஹோர்னெற்

அக்கா, நல்ல கேள்வி. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், "இந்த அக்கா சொல்வதைக் கேளுங்கோ, மற்றதைப் பிறகு பாருங்கோ" என்றார்.

பழைய எம்டி ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கும் காட்டினேன். அவர் நெடுநேரம் மண்ணெண்ணெய்க் கதையே கதைத்துக்கொண்டிருந்தார். ஹிமாலயன் என்றதும் "அது இந்தியாவில் மெட்ராஸில் செய்கிற என்ஃபீல்ட் தானே, புல்லட்காரர்" என்று கேட்டார். ஆம் என்றேன். முகம் சுளிக்கவில்லை.

கொடிகாமம் அண்ணை, உங்கள் கைக்கு எது இலகு?

கொடிகாமம்_கராஜ்

விரிவாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் எஞ்சினின் குணம். ஹிமாலயன் 411இன் சிலிண்டர் 78 மில்லிமீற்றர் அகலம், பிஸ்டன் ஓடும் தூரம் 86. டொமினாரில் அகலம் 89, தூரம் 60. அதாவது ஹிமாலயன் நீள ஓட்டம், டொமினார் குறுகிய ஓட்டம். ஹிமாலயனின் முழு இழுவை 32 நியூட்டன் மீற்றர், அது நிமிடத்துக்கு 4000 முதல் 4500 சுற்றுக்குள் வந்துவிடும். டொமினாருக்கு 35, ஆனால் அது கிடைக்க 6500 சுற்றுக்கு மேல் போக வேண்டும். இரண்டு பேர் பையோடு றம்பொடையில் ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது எது கைகொடுக்கும் என்று யோசியுங்கள். ஹிமாலயன் அடியிலேயே இழுக்கும், கிளச்சைப் பாதி பிடித்து வதைக்கத் தேவையில்லை. நேர் வீதியில் ஆனையிறவு தாண்டிப் பறக்க வேண்டும் என்றால் டொமினார். உங்கள் பயணத்தில் எது கூட என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏ9இல் பறக்கிறவர்களுக்கு ஓமந்தைப் பக்கம் பொலிஸ் நிற்பதும் தெரியும்.

இரண்டாவது, குளிரூட்டி. இதை எல்லாரும் கவனியுங்கள். டொமினாருக்கு றேடியேற்றர். ஹிமாலயன் 411 காற்றும் ஒயிலும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். என்னிடம் வந்த ஒரு தண்ணீர்க் குளிரூட்டி வண்டியில் உரிமையாளர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே விட்டு விட்டு ஓடியிருக்கிறார். மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொருக்கு, விரலால் சுரண்டினால் சுண்ணாம்பாக உதிர்ந்தது. டொமினார் வாங்கினால் றேடியேற்றருக்கென்று விற்கிற கூலன்ற் திரவம் தவிர வேறொன்றும் விடக்கூடாது. வழியில் குறைந்து, கையில் கூலன்ற் இல்லை என்றால் பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர், அதுவும் அவசரத்துக்கு மட்டும்.

மூன்றாவது, திருத்த வேலை. ஹிமாலயன் 411 வால்வு இடைவெளியைத் திருகாணியும் நட்டும் கொண்டு சரிசெய்யலாம், தகட்டு அளவி இருந்தால் ஊர்க் கராஜில் முடியும். அதில் நடு ஸ்ராண்ட் கூடவே வருகிறது. செயின் கழுவ, ஒயில் போட, ரயர் கழற்ற அது எவ்வளவு உதவி என்று ரோட்டில் நின்றவருக்குத் தெரியும். டொமினாரில் நடு ஸ்ராண்ட் இல்லை.

ஹிமாலயனுக்குப் பாதகமும் சொல்லத்தான் வேண்டும். கம்பிச் சில்லு, உள்ளே ரியூப். டொமினார் அலோய் சில்லு, ரியூப் இல்லை. ஆணி ஏறினால் டொமினாருக்கு வெளியிலிருந்தே அடைப்புத் திரி செருகிப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். ஹிமாலயனில் சில்லைக் கழற்ற வேண்டும். முன்சில்லு 21 அங்குலம். அந்த ரியூப் எல்லாச் சைக்கிள் கடையிலும் தொங்காது.

ஹொண்டாவோடு ஒப்பிட்டால் இரண்டுமே அதிர்வு கூட. ஹொண்டா எஞ்சினின் வழவழப்பை இதில் தேடினால் ஏமாறுவீர்கள். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சுன்னாகம்_400

கூலன்ற் விஷயம் சரி அண்ணை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரியூப் விஷயத்தில் எழுதியதை இன்னும் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு பொழுதுபட்ட நேரம் காட்டுக்குள் சில்லுக் கழற்றுவது விளையாட்டில்லை.

வன்னி_வீதி

நான் கிளிநொச்சி. பொழுதுபட்ட நேரம் காட்டுக்குள் நிற்கிற மாதிரிப் பயணத்தைப் போடவே கூடாது. வண்டி எதுவானாலும் சரி. இரவில் ஏ9இல் மாடு படுத்திருக்கும். தார் சூடு பிடிக்கும் என்று நடு வீதியில் படுக்கும். கறுத்த மாடு வெளிச்சம் விழும்வரை தெரியாது. ஹொரவப்பொத்தானை வவுனியா வீதியில் யானை. திருகோணமலையில் இருந்து வெள்ளென வெளிக்கிட்டு வெயில் ஏற முன்பு வவுனியா வந்துவிடுங்கள், ஆனால் விடியாத இருட்டில் வேண்டாம்.

காற்றையும் சொல்ல வேண்டும். சோழகம், அதுதான் தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் ஆனையிறவு வெளியில் பக்கவாட்டுக் காற்று தள்ளும். இரண்டு பக்கமும் பை தொங்கும் வண்டிக்கு இன்னும் கூடத் தள்ளும். ஹோர்னெற்றில் அந்தத் தள்ளு உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். இருநூறு கிலோ வண்டி கொஞ்சம் நிதானமாக நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் எடை நல்லதுதான்.

பெற்றோல் பற்றி யாரும் எழுதவில்லை. ஹிமாலயன் ரேங்க் 15 லீற்றர், டொமினார் 13. ஹிமாலயன் பக்குவமாக ஓடினால் லீற்றருக்கு முப்பதை ஒட்டித் தரும். யாழில் நிரப்பினால் கண்டிவரை யோசனை இல்லை. 2022 தட்டுப்பாட்டில் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோலைக் கியூஆர் பங்கீட்டில் வாங்கி ஓடிய ஆட்கள் நாங்கள், ரேங்கின் அளவு எங்களுக்குப் பெரிய விஷயம்.

ரொறன்ரோ_யாழ்

இங்கே நான் சீபி500எக்ஸ் ஓடுகிறேன், இப்போது அதை என்எக்ஸ்500 என்ற பெயரில் விற்கிறார்கள். 471 சீசீ, இரட்டைச் சிலிண்டர், 17 லீற்றர் சொச்சம் ரேங்க். அருமையான வண்டி, நாள் முழுக்க ஓடினாலும் கை விறைக்காது. ஆனால் இங்கே அது அருமையாக இருப்பதற்குக் காரணம் பக்கத்திலேயே பாட்ஸ் இருப்பது. யாழ்ப்பாணத்தில் அந்த வண்டிக்கு ஒரு கிளச் தட்டு வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? பழைய எம்டி ஐயாவின் அளவுகோலில் ஹொண்டாவின் அந்த மாதிரியே தேறாது.

விசுவாசம் பற்றி ஒன்று. எங்கள் வீட்டில் ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டர் நின்றது. 1984இல் சேர்ந்த இரண்டு கம்பனியும் 2010 கடைசியில் பிரிவதென்று முடிவு செய்தார்கள். ஸ்ப்ளெண்டர் ஹீரோவோடு போனது. அன்றைக்கு ஸ்ப்ளெண்டர் வைத்திருந்தவர்கள் யாருக்கு விசுவாசமாக இருப்பது? பெற்றோல் ரேங்கில் இருந்த பெயர்தான் மாறியது, வண்டி அதே வண்டியாகத்தான் ஓடியது.

தீவகம்_உப்புக்காற்று

மானிப்பாய் அக்கா சொன்ன பின்சீற் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை, இருவருக்கு எக்ஸ்ஆர் சரிவராது. ஆனால் பாவித்த வண்டியைத் தெற்கில் வாங்கினால் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். கடலோரம் நின்ற வண்டியா என்று பாருங்கள். எங்கள் பண்ணைப் பாலத்து உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். கம்பிச் சில்லில் ஒவ்வொரு கம்பியும் வளையத்தில் ஏறும் இடத்தில் துரு தொடங்கும். அங்கே நகத்தால் கீறிப் பாருங்கள். சைலன்சர் வளைவின் அடிப்பக்கம், பிறேக் குழாய்த் தலைப்பு, செயினின் உள்பக்கம். மேலே பொலிஷ் போட்டு மினுக்கியிருப்பார்கள், இந்த இடங்களை மினுக்க மாட்டார்கள்.

மானிப்பாய்_ரைடர்

பத்திரமும் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா, சேசி இலக்கம் ஒத்துப்போகிறதா என்று. எவ்வளவு மலிவாக இருந்தாலும் பெயர் மாற்றாத ஓப்பன் பேப்பரில் வாங்க வேண்டாம். லீசிங் மிச்சம் இருந்தால் அது முடிந்து கையில் கடிதம் வந்த பிறகுதான் காசு.

கோண்டாவில்_ஹோர்னெற்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வண்டியையும் மனைவியோடு போய்ப் பார்த்தோம்.

வவுனியா டொமினார் நல்ல வண்டி, பொய் சொல்லக்கூடாது. அக்சலை முறுக்கினால் ஹோர்னெற்றில் காணாத வேகம். ஆனால் மனைவி அரை மணித்தியாலத்தில் முழங்கால் நோகிறது என்றார், கால்மிதி அவருக்கு உயரம். அதோடு றேடியேற்றரைத் திறந்து காட்டச் சொன்னேன். விற்கிறவருக்கு விருப்பமில்லை. அங்கேயே விட்டுவிட்டேன்.

கண்டி ஹிமாலயனில் பேராதனைப் பக்கம் ஏற்றத்தில் இருவராக ஓடினோம். மூன்றாம் கியரில் மெதுவாக ஏறியது, எஞ்சின் திணறவில்லை. அதிர்வு இருக்கிறது, கொடிகாமம் அண்ணை சொன்னது போலவே. ஹொண்டாவின் அந்த மெத்தென்ற சத்தம் இல்லை, அது எனக்குக் கவலைதான், மறைக்க மாட்டேன். மனைவி இறங்கியதும் பின்பிடியைத் தட்டிப் பார்த்து, "இதில் நான் பொத்துவில்வரை வருவேன்" என்றார். கம்பிகளை நகத்தால் கீறிப் பார்த்தேன், துரு இல்லை. பதிவுப் புத்தகம் அவருடைய பெயரிலேயே இருக்கிறது. முற்பணம் கொடுத்துவிட்டேன்.

ஹோர்னெற்றை விற்கவில்லை. வேலைக்கு அதுதான்.

கொடிகாமம் அண்ணை, வண்டி வந்ததும் உங்களிடம்தான் முதலில் கொண்டு வருவேன். எப்போது வரலாம்?

கொடிகாமம்_கராஜ்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கொண்டு வாரும். திருவிழாத் தொடங்கினால் உமது பக்கத்து வீதிகள் அடைபடும், எனக்கும் வெளியூர் வண்டிகள் குவியும். கைபிடிக் கழுத்துப் பெயாரிங், செயின் பல்லு, பிறேக் ஒயில் மூன்றையும் பார்ப்போம். ஒரு நாள் விட்டுவிட்டுப் போக வேண்டி வரும்.

சில்லுக் கழற்றுவதை என் முன்னால் நீரே ஒருக்கால் செய்து பாரும், முன்னும் பின்னும். ரயர் நெம்பி இரண்டு, சின்னக் காற்றுப் பம்பி ஒன்று வாங்கி வாரும். பையில் இடம் குறைவு என்றால் 21 அங்குல ரியூப் மட்டும் போதும். அவசரத்துக்கு அதைப் பின்சில்லுக்குள்ளும் மடித்துப் போட்டு அடுத்த கடைவரை மெதுவாக வரலாம். ரியூப்புக்கு நான் இன்றைக்கே கொழும்புக்குச் சொல்கிறேன்.

சுன்னாகம்_400

வாழ்த்துகள் தம்பி. எல்லப் பக்கம் நானும் வருகிறேன், திகதியைச் சொல்லும். அடைப்புத் திரி என்னிடம் இருக்கிறது, ரியூப் உம்மிடம் இருக்கட்டும்.